மஞ்சள் விளக்கு சொல்வதைக் கேளுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஏபிஎஸ் பிரேக் பற்றி, செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் கடற்கரை வரை உள்ள வாசகர்கள் கேட்டவை

கே: சார், என்னுடையது 20 வயதான இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார். காலையில் கிளம்பித் தெருமுனை தாண்டும்போது முன்பக்கத்தில் ‘கடக்... உர்ர்’ என்று ஒரு சத்தம். அதன் பிறகு வராது. ஏதாவது கழன்றுவிட்டதா?
– கோவளம் வாசகர்

ப: எதுவும் கழலவில்லை. ஏபிஎஸ், அதாவது சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் ஏற்பாடு, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சத்தம் அது. பானட்டுக்குள், பிரேக் குழாய்கள் எல்லாம் வந்து சேரும் அலுமினியக் கட்டி ஒன்று இருக்கும். அதற்குள் குட்டி வால்வுகள். அதோடு ஒட்டி ஒரு பம்ப் மோட்டார். வண்டி கிளம்பி ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தொட்டதும் கம்ப்யூட்டர் அந்த மோட்டாரை ஒரு கணம் சுற்றவிட்டுப் பார்க்கும். சில கார்களில் நடை வேகத்திலேயே இது நடக்கும், சிலவற்றில் 20 கி.மீ. வரை போக வேண்டும். அந்த நேரத்தில் பிரேக்கில் கால் இருந்தால் பாதத்திலும் லேசாகத் தட்டும். புதுக் கார்களிலும் இது உண்டு. பழைய காரில், கட்டியும் மோட்டாரும் சேர்ந்த அந்த யூனிட்டைத் தாங்கும் ரப்பர் புஷ் இறுகிப்போயிருக்கும். அதனால் கூடுதலாகக் கேட்கிறது.

ஒருமுறை வந்து நின்றால் நிம்மதியாக இருங்கள். சாவியை எடுத்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்தால் ரிலே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். விடிவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும், மோட்டாரும் கருகலாம். அன்றைக்கே பார்த்துவிட வேண்டும்.

கே: அடைமழை. மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பெடல் காலைத் திருப்பி உதைத்தது, அடியில் கடகடவென்று சத்தம். பயந்து காலை எடுத்துவிட்டேன். நல்லவேளை, மாடு தப்பித்தது. நான் செய்தது சரியா?
– மாமல்லபுரம் வாசகர்

ப: தவறு. மாடு தப்பியது அதன் அதிர்ஷ்டம். காலை எடுத்த அந்த நொடியில் உங்களுக்குப் பிரேக்கே இல்லை.

சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கப் போகிறது என்று தெரிந்ததும், அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலை வால்வு தடுக்கும், கொஞ்சம் வெளியே விடும், மறுபடி உள்ளே அனுப்பும். ஒரு நொடிக்குள் பலமுறை இப்படி நடக்கும். வெளியே விட்ட ஆயிலைப் பம்ப் திரும்ப மாஸ்டர் சிலிண்டருக்குத் தள்ளுவதால்தான் பெடல் உதைக்கிறது. உதைக்கிறது என்றால் வேலை செய்கிறது என்று பொருள். மிதியுங்கள்; மிதித்தபடியே இருங்கள்; ஸ்டீயரிங்கைத் திருப்பி விலகுங்கள். சக்கரம் உருண்டுகொண்டே இருந்தால்தான் ஸ்டீயரிங் சொல்வதை வண்டி கேட்கும். ஏபிஎஸ் நமக்குக் கொடுக்கும் பெரிய வரம் அந்த விலகல்தான்.

கே: எனக்கு உங்கள் உதவி அவசரமாகத் தேவை. சிக்னலில் மெதுவாக வந்து நிற்கப் போகும் கடைசி நேரத்தில் பெடல் துடிக்கிறது, கார் ஒரு முழம் தள்ளிப் போய் நிற்கிறது. ரோடு காய்ந்துதான் இருக்கிறது. மீட்டரில் எந்த விளக்கும் எரியவில்லை.
– கல்பாக்கம் வாசகி

ப: விளக்கு எரியாததால் பலரும் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். இந்தக் கடற்கரையில் ஓடும் பழைய கார்களில் இப்படி நடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சக்கரத்து சென்சாரைத்தான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய ஏபிஎஸ் கார்களில், சக்கரத்தோடு சேர்ந்து பல் வெட்டிய இரும்பு வளையம் ஒன்று சுற்றும். அதற்கு எதிரே, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், ஒரு சென்சார் இருக்கும். உள்ளே ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சுருளில் சிறு மின்சாரம் பிறக்கும். வேகம் கூடினால் அது கூடும், வேகம் குறைந்தால் குறையும். நான்கு சக்கரங்களின் கணக்கும் கம்ப்யூட்டருக்கு இப்படித்தான் போகிறது.

இப்போது அந்த சென்சாரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். துளையின் விளிம்பில் பழுப்புத் துரு ஏடு ஏடாகப் பொங்கியிருக்கும். இரும்பு துருப்பிடித்தால் பருக்கும். பருத்த துரு சென்சாரை அடியிலிருந்து நெம்பித் தூக்கிவிடும். இடைவெளி அரை மில்லிமீட்டர் கூடினாலும் அது பெரிய மாற்றம். 60 கி.மீ. வேகத்தில் ஒன்றும் தெரியாது. 10 கி.மீ.க்குக் கீழே வரும்போது மற்ற மூன்று சக்கரங்களின் சிக்னல் வந்துகொண்டிருக்க, இந்த ஒன்றின் சிக்னல் மட்டும் அறுந்துபோகும். மூன்று உருள்கின்றன, ஒன்று பூட்டிக்கொண்டது என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டி அந்தச் சக்கரத்தின் பிரேக்கைத் தளர்த்துகிறது. பழுது என்று அது நினைக்கவே இல்லை. அதனால்தான் விளக்கும் எரியவில்லை.

செய்ய வேண்டியது: துரு இளக்கும் ஸ்பிரேயை முதல் நாள் இரவே அடித்து ஊறவிட்டு, மறுநாள் சென்சாரைப் பக்குவமாகத் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். சுத்தியலால் தட்டினால் பிளாஸ்டிக் உடையும். உட்காரும் இடத்தைச் சுத்த இரும்பு தெரியும்வரை சுரண்டி, துரு தடுக்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவித் திரும்பப் பொருத்த வேண்டும். வளையத்தில் வெடிப்போ, பல் உதிர்ந்த இடமோ இருந்தால் வளையத்தையே மாற்ற வேண்டும். முன்னால் நிற்கும் ஸ்கூட்டருக்கும் உங்களுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு முழம்தான். தள்ளிப்போடாதீர்கள்.

கே: செங்கல்பட்டில் இருக்கும் என் மைத்துனரிடமும் இதே மாடல், இதே வருஷத்து வண்டிதான். அவருக்கு ஒரு தொல்லையும் இல்லை. எனக்கு மட்டும் வருஷம் ஒரு சென்சார் போகிறதே?
– சதுரங்கப்பட்டினம் வாசகர்

ப: அவர் ஊரில் வெயில். உங்கள் ஊரில் வெயிலோடு உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி வந்து காரின் அடிப்பாகத்தில் படிகின்றன. நீர் உலர்ந்தாலும் உப்பு தங்கிவிடும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே இல்லாத மாதத்திலும் துரு நிற்பதில்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். எட்டாம் நூற்றாண்டுக் கருங்கல் சிற்பங்களையே கடற்காற்று முகம் தெரியாமல் தேய்த்திருக்கிறது. காற்றைத் தடுக்கத் தொல்லியல் துறை அங்கே சவுக்கு மரங்களை வளர்க்க வேண்டியிருந்தது. கல்லுக்கே அந்தக் கதி என்றால் மெல்லிய இரும்பு வளையம் எம்மாத்திரம்?

மாதம் இரண்டு முறையாவது நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் சக்கரங்களின் உட்புறத்தையும் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். கிணற்று நீர் உப்புக் கரித்தால் வேண்டாம். கழுவியதும் நான்கு கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் போட்டு, டிஸ்க்கை உலர்த்திவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடுவது துருவுக்கு விருந்து வைப்பதாகும்.

கே: மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது. ஆனால் பிரேக் கச்சிதமாகப் பிடிக்கிறது. ஓட்டலாமா?
– திருப்போரூர் வாசகர்

ப: ஒர்க்ஷாப் வரை ஓட்டலாம். அடுத்த மாதம் வரை ஓட்டக்கூடாது. மஞ்சள் மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கிறது, பூட்டாமல் காக்கும் வேலை மட்டும் நின்றுவிட்டது என்று பொருள். காய்ந்த ரோட்டில் வித்தியாசம் தெரியாது. மழையில், அவசரத்தில்தான் தெரியும். தெரியும்போது திருத்திக்கொள்ள நேரம் இருக்காது. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் முன்வண்டிக்கு இரண்டு பங்கு இடைவெளி விட்டு, மெதுவாகப் போய்ச் சேருங்கள்.

கே: மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால்?
– கேளம்பாக்கம் வாசகர்

ப: ஓரம் கட்டுங்கள். முதலில் ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தும் சிவப்பு எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது. ஆயிலும் சரியாக இருந்தால், முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் பலத்தைப் பங்கிடும் ஏற்பாடும் ஏபிஎஸ்ஸோடு சேர்ந்து நின்றுபோயிருக்கும். அப்போது அழுத்திப் பிரேக் போட்டால் பின் சக்கரம் முதலில் பூட்டி, வண்டி சுழன்று திரும்பி நிற்கும். எடை குறைந்த, பின்சக்கர இழுவை ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் ஆபத்து. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவு செலவே இல்லை.

கே: செகண்ட்ஸில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பார்த்திருக்கிறேன். ஓட்டிப் பார்த்தேன், எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவே இல்லை. தைரியமாக வாங்கலாம்தானே?
– மறைமலை நகர் வாசகர்

ப: எரியவே இல்லை என்பதுதான் இடிக்கிறது. சாவியைப் போட்டதும் ஏபிஎஸ் விளக்கு ஒருமுறை எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். எரியாவிட்டால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள், அல்லது பல்பு போயிருக்கிறது. வேறொரு விளக்கோடு ஒயரைச் சேர்த்துக் கட்டிவிடும் வித்தையும் உண்டு. அப்போது ஏபிஎஸ் விளக்கும் அந்த விளக்கும் எப்போதும் ஒரே நொடியில் எரிந்து ஒரே நொடியில் அணையும்.

சந்தேகம் தீர வழி ஒன்று இருக்கிறது. விற்பவரின் சம்மதத்தோடு, உங்கள் மெக்கானிக்கை வைத்து ஒரு சக்கரத்து சென்சாரின் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள். சாவியைப் போட்டுச் சிறிது தூரம் மெதுவாக உருட்டினால் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் வேண்டாம். விளக்கை மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்தாரோ!

கே: ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள். ‘ஃபால்ட் இல்லை’ என்று வந்தது. விளக்கோ எரிந்துகொண்டே இருக்கிறது.
– செங்கல்பட்டு வாசகர்

ப: அந்த ஸ்கேனர் எஞ்சினை மட்டும் விசாரித்திருக்கிறது. மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் ‘பி’ என்று தொடங்கும் எஞ்சின் கோடுகளைத்தான் படிக்கும். ஏபிஎஸ் கோடுகள் ‘சி’ வரிசை. அவற்றைப் படிக்க உங்கள் காரின் கம்பெனிக்கு ஏற்ற டூல் வேண்டும். 1990-களின் கார்கள் பலவற்றில் ஸ்கேனரே தேவையில்லை. சோதனைக் கனெக்டரில் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு ஒயரால் இணைத்தால் ஏபிஎஸ் விளக்கே விட்டுவிட்டுச் சிமிட்டிக் கோடு எண்ணைச் சொல்லும். எந்த முனைகள் என்பதை அந்தக் காரின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். குத்துமதிப்பாக இணைத்தால் கம்ப்யூட்டர் போய்விடும்.

கே: மெக்கானிக், “யூனிட்டே போச்சு சார், மாத்தணும்” என்கிறார். விலையைக் கேட்டுத் தூக்கம் போய்விட்டது.
– திருக்கழுக்குன்றம் வாசகர்

ப: யூனிட் கடைசிக் குற்றவாளி. அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். முதலில் பேட்டரி: மின்னழுத்தம் குறைந்தால் ஏபிஎஸ் தானாக விலகி விளக்கைப் போட்டுவிடும். அடுத்தது ஃபியூஸ், ரிலே. பிறகு பாடியில் எர்த் கொடுத்த இடம். அங்கே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு சக்கரத்துக்குப் போகும் ஒயர். ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே செம்பு அறுந்திருக்கும். வெளியே முழுசாகத் தெரியும்.

அடுத்தது சென்சார். பழைய காந்தச் சுருள் வகை என்றால் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். காருக்குக் கார் மாறும், பெரும்பாலும் 1,000 ஓமை ஒட்டி இருக்கும். இடதையும் வலதையும் ஒப்பிட்டாலே பாதி உண்மை தெரிந்துவிடும். ஏசி மில்லிவோல்டில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் முள்ளோ எண்ணோ அசைய வேண்டும். பிந்திய கார்களில் இருக்கும் மின்னணு சென்சாரை இப்படி ஓம் பார்க்கக் கூடாது. அதற்கு ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை.

இவ்வளவும் சரியாக இருந்தால் யூனிட்டைச் சந்தேகிக்கலாம். 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் வந்த ஐரோப்பியக் கார்கள் பலவற்றில், யூனிட்டோடு ஒட்டிய எலெக்ட்ரானிக் பெட்டிக்குள் இணைப்புகள் சூட்டிலும் அதிர்விலும் விட்டுப்போகும். வண்டி சூடான பிறகே விளக்கு வருவது அதன் அடையாளம். அப்போதும் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியதில்லை. பெட்டியை மட்டும் கழற்றிச் சீர் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். தூங்குங்கள், காலையில் மல்டிமீட்டரோடு தொடங்குங்கள்.

கே: சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்ல முடியுமா?
– கூவத்தூர் வாசகர்

ப: பாதி சொல்லலாம். ‘கீச்’ என்றால் பிரேக் பேட்; தேய்ந்திருக்கும் அல்லது பளபளத்துக் கண்ணாடியாகியிருக்கும். இரவு மழைக்குப் பிறகு காலையில் ‘கரகர’ என்றால் டிஸ்க் மேல் படிந்த மேல்துரு. நாலைந்து பிரேக்கில் போய்விடும். மேடு பள்ளத்தில் ‘டக் டக்’ என்றால் காலிபர் பின் தளர்ந்திருக்கும். வேகம் கூடக் கூட ‘ஊம்ம்’ என்று ஏறினால் வீல் பேரிங். பேரிங் ஆடினால் சென்சார் இடைவெளியும் ஆடும், அடுத்து மஞ்சள் விளக்குதான். வழுக்கும்போது மட்டும் ‘கடகட’ என்றால் ஏபிஎஸ் தன் கடமையைச் செய்கிறது. எப்போது மெல்ல மிதித்தாலும் பெடல் சீராக ஏறி இறங்கினால் டிஸ்க்கின் கனம் ஒரே மாதிரி இல்லை. அதற்கும் ஏபிஎஸ்ஸுக்கும் சம்பந்தமில்லை.

கே: என் கார் ஆடிக்கு ஒரு நாள், அமாவாசைக்கு ஒரு நாள்தான் வெளியே வரும். ஐந்து வருஷத்தில் 3,000 கி.மீ. கூட ஓடவில்லை. பிரேக் ஆயிலை ஏன் மாற்ற வேண்டும்?
– ஈஞ்சம்பாக்கம் வாசகர்

ப: பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, காலண்டர் கணக்குதான். டாட் 3, டாட் 4 என்ற ஆயில் வகைகள் இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி. கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். அதோடு, அந்த ஈரம் ஏபிஎஸ் கட்டிக்குள் முடி கனமுள்ள வழிகளில் துருவை உண்டாக்கி வால்வை ஒட்டவைக்கும். கடலோரத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சில கார்களில் ஏர் எடுக்கும்போது ஸ்கேனரால் பம்பை ஓட்டினால்தான் உள்ளே தங்கிய காற்று வரும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு. டாட் 5 சிலிக்கான் வகை. ஏபிஎஸ் காரில் அதை ஊற்றவே கூடாது.

கே: பின் டயர் இரண்டையும் அகலமாக மாற்றினேன். பார்க்க அட்டகாசம். மறுநாளே ஏபிஎஸ் விளக்கு.
– வண்டலூர் வாசகர்

ப: அகலம் குற்றமில்லை, சுற்றளவு குற்றம். ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்னும் பின்னும் வேறு வேறு அகலம் இருப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு சுற்றில் உருளும் தூரம் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்படி கம்பெனி கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கணக்கு உடைந்தால், பின் சக்கரம் எப்போதும் வேறு வேகத்தில் சுற்றுவதாகக் கம்ப்யூட்டர் குழம்பும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கே திரும்புங்கள். பேரிங் மாற்றியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிந்திய கார்களில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அந்த முகம் சென்சாரைப் பார்க்க வேண்டும். திருப்பிப் பொருத்தினால் புதுப் பேரிங்கும் வீண், விளக்கும் அணையாது.

கே: மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 வைத்திருக்கிறேன். கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டதே, சென்சார் கிடைக்குமா?
– சிங்கப்பெருமாள் கோவில் வாசகர்

ப: தேடினால் கிடைக்கும். ஓட்டும் சுகத்துக்காகவே இன்னும் பலர் பொத்திப் பாதுகாக்கும் வண்டி அது. 2021-இல் நிறுத்தப் போவதாக அறிவித்து, 2022-இல் அந்த ஆலையின் கடைசி வண்டி வெளியே வந்தது. உதிரிபாகங்கள் அதோடு முடிந்துவிடவில்லை. பழைய சென்சார் மேலேயே பாக எண் அச்சாகியிருக்கும், அதை வைத்துத் தேடுங்கள். கனெக்டரின் வடிவமும் ஒயரின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். ஒயரை வெட்டி ஒட்டிய பழைய சென்சார் வேண்டாம். உப்புக் காற்றில் அந்த ஒட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-இல் தொடங்கிய பிஎம்டபிள்யூ ஆலையின் ஆரம்ப கால வண்டிகள் வைத்திருப்போருக்கும் இதே யோசனைதான்.

கே: ஏபிஎஸ் முதலில் வந்தது எந்த ஸ்போர்ட்ஸ் காரில்?
– பள்ளி மாணவர், மதுராந்தகம்

ப: முதலில் விமானத்தில் வந்தது, தம்பி. 1950-களில் டன்லப் கம்பெனி ‘மேக்ஸரெட்’ என்ற பெயரில் விமானச் சக்கரங்களுக்குச் செய்தது. அதையே 1966-இல் பிரிட்டனின் ஜென்சன் எஃப்எஃப் என்ற காரில் பொருத்தினார்கள், முழுக்க மெக்கானிக்கல். இன்று நாம் பார்க்கும் எலெக்ட்ரானிக் ஏபிஎஸ், பாஷ் தயாரித்து 1978-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. 1993-இல் வில்லியம்ஸ் ஃபார்முலா 1 காரில் கூட ஏபிஎஸ் இருந்தது. ஓட்டுநரின் திறமைதான் வெல்ல வேண்டும் என்று 1994-இல் தடை செய்தார்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். பந்தயத்தில் வேண்டாம் என்றதையே தெருவில் கட்டாயம் என்றார்கள். தெருவில் திறமையை நிரூபிக்க வேண்டியதில்லை, உயிரோடு வீடு திரும்பினால் போதும்.

கே: கடற்கரை மணலில் காரை இறக்கிப் பிரேக் போட்டேன். ஏபிஎஸ் இருந்தும் வழுக்கிக்கொண்டே போனது. யூனிட் பழுதா?
– நெம்மேலி வாசகர்

ப: யூனிட் நலம். தளர்ந்த மணலில் பூட்டிய சக்கரம் முன்னால் மணலைக் குவித்துத் தானே தடை போட்டுக்கொள்ளும். ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டவிடாது, அதனால் தூரம் கூடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று மணலைக் கொண்டுவந்து பரப்பியிருக்கும் இடங்களிலும் இதை நினைவில் வையுங்கள். சிறு வயதில் காந்தத்தை மணலில் இழுத்துக் கருமணல் சேர்த்தோமே, அதே கருமணல் சென்சாரின் காந்தத்திலும் ஒட்டும். தயவுசெய்து காரைக் கடற்கரையில் இறக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் அந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. டயர் ஏறினால் ஒரு தலைமுறை நசுங்கும்.

கே: ஏபிஎஸ் இல்லாத 1980-களின் காருக்கு அதை வெளியே வாங்கிப் பொருத்தலாமா?
– பல்லாவரம் வாசகர்

ப: வேண்டாம். எடை, பிரேக் அளவு, டயர் எல்லாவற்றுக்கும் ஏற்பக் கணக்கிட்டுச் செய்த பொருள் அது. இன்னொரு வண்டியின் கணக்கு உங்கள் வண்டியைக் காப்பாற்றாது. நல்ல டயர், புது ஆயில், நிதானமான கால்: அந்தக் காருக்கு இவை மூன்றும் போதும்.

கே: விளக்கு எரிவது கண்ணை உறுத்துகிறது. கருப்பு டேப் ஒட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

ப: கூடாது. நாளைக்கு அந்தக் காரை உங்கள் மகன் எடுப்பான், அல்லது வாங்குகிறவர் எடுப்பார். ஏபிஎஸ் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பெயரை மறைத்ததை மன்னிக்கலாம், விளக்கை மறைப்பதை மன்னிக்க முடியாது.

கே: என் காரில் ஏபிஎஸ் பக்காவாக வேலை செய்கிறது. இரவில் ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) 120 போனால் என்ன?
– உத்தண்டி வாசகர்

ப: கணக்கைப் பாருங்கள். நல்ல டயர், காய்ந்த ரோடு. 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க ஏறக்குறைய 18 மீட்டர். 120-இல் அதைப் போல இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு: 71 மீட்டர். கண்ணில் பட்டுக் காலுக்குச் சேதி போக ஒரு நொடி என்று வைத்தால் 60-இல் 17 மீட்டரும், 120-இல் 33 மீட்டரும் அதற்கே போய்விடும். மொத்தம் 35 மீட்டர் எங்கே, 104 மீட்டர் எங்கே? உங்கள் ஹெட்லைட் வெளிச்சத்தில் சாலையைக் கடக்கும் மீனவரோ, விடியற்காலை சைக்கிள் மிதிக்கும் பிள்ளையோ அதற்குள் இருக்கிறார்கள். டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிமானத்தை ஏபிஎஸ் முழுக்கப் பயன்படுத்தும். இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க முடியாது.

வேகம் வேண்டுமா? இருங்காட்டுக்கோட்டைக்குப் போங்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் அங்கே தனி ட்ராக் அமைத்ததே அதற்காகத்தான். அங்கே எதிரே யாரும் வரமாட்டார்கள்.

கே: எங்களைப் போன்ற கடலோரக்காரர்கள் வருஷத்தில் எப்போது, என்னென்ன பார்க்க வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– பட்டிப்புலம் வாசகி

ப: ஐப்பசி அடைமழைக்கு முன்னால், புரட்டாசியில் ஒரு நாள் ஒதுக்குங்கள். நான்கு சென்சாரையும் கழற்றித் துடைத்து, உட்காரும் இடத்துத் துருவைச் சுரண்டுங்கள். பல் வளையத்தை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். கனெக்டர்களைத் திறந்து, பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். பேட்டரியைச் சோதியுங்கள். ஆயிலின் வயதைப் பாருங்கள். டயரின் தேய்மானத்தையும் காற்றையும் பாருங்கள். வெல்டிங் வேலை ஏதாவது இருந்தால் பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகே செய்யச் சொல்லுங்கள்.

கே: மகளுக்கு 19 வயது. என் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டக் கேட்கிறாள். ஏபிஎஸ் பற்றி அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– படப்பை வாசகர்

ப: சொல்லிக்கொடுக்காதீர்கள், செய்யவையுங்கள். மழை பெய்து நனைந்த, ஆளும் மாடும் இல்லாத மைதானம் ஒன்றை அனுமதியோடு பிடியுங்கள். பெல்ட் போட்டு, 40 கி.மீ. வேகத்தில் வரச் சொல்லி, பிரேக்கை முழுபலத்தோடு மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் உதைக்கும், அடியில் கடகடக்கும், காலை எடுக்கத் தோன்றும். எடுக்கக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அடுத்த முறை மிதித்தபடியே திரும்பச் சொல்லுங்கள். கால் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யட்டும். அந்த உதையால் வரும் முதல் பயம் மைதானத்திலேயே வந்து போய்விட வேண்டும், ரோட்டில் வரக்கூடாது.